மேல்காற்று மாதங்களில் ஏஎச்யூ

ஏஎச்யூ (ஏர் ஹேண்ட்லிங் யூனிட்) வாங்கினால் கூடவே ஒரு புத்தகம் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில்டர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காயில், வருஷத்துக்கு ஒருமுறை முழு சர்வீஸ் என்று கட்டம் போட்டு எழுதியிருக்கும். எந்த ஊருக்கும் அதே கட்டம்தான். நம்ம சுரண்டைக்கு அது பத்தாது. இங்கே மேற்கிலிருந்து வரும் மேல்காற்று அடிக்கும் மாதங்கள், அடிக்காத மாதங்கள் என்றுதான் வருஷத்தைப் பிரிக்க முடியும். மெஷினையும் அந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

சுரண்டையைச் சுற்றிக் கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி என்று ஏசி பிளான்ட் பார்க்கிற வேலை என்னுடையது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது. பேரூராட்சியாக இருந்த சுரண்டை நகராட்சி ஆகிவிட்டது. கூடவே கட்டடங்களும் மாறின. நாலு பக்கமும் ஜன்னல் வைத்து, மேலே வரிசையாக மின்விசிறி மாட்டிய மண்டபங்கள் குறைந்து, கண்ணாடி போட்டு அடைத்த ஏசி மண்டபங்கள் வந்துவிட்டன. அப்படி அடைத்த கட்டடத்துக்குள் காற்று வரவும் போகவும் ஏஎச்யூ ஒன்றுதான் வழி.

பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம். மண்டபத்துக்குப் பின்னாலோ மொட்டை மாடியிலோ ஆள் நுழையும் அளவுக்கு ஒரு தகரப் பெட்டி இருக்கும். ஹாலிலிருந்து திரும்பி வரும் காற்றும் வெளியிலிருந்து வரும் ப்ரெஷ் ஏரும் முதலில் அதற்குள் கலக்கும். அடுத்து பில்டர். அடுத்து குளிர்ந்த தண்ணீர் ஓடும் காயில், அதன் கீழே தண்ணீர் வடியும் தட்டு. கடைசியில் புளோயர். புளோயர் இழுக்கிற இழுப்பில் காற்று இவை எல்லாவற்றையும் கடந்து, டக்ட் வழியாக ஹாலுக்குப் போகிறது. குளிர்ச்சியைத் தயாரிப்பது சில்லர். அதைக் காற்றில் ஏற்றி, தூசியைப் பிடித்து, ஈரத்தைப் பிழிந்து, ஆட்கள் உட்காரும் இடத்துக்குக் கொண்டு சேர்ப்பது இந்தப் பெட்டி. சில்லருக்கு லட்சக்கணக்கில் செலவு செய்கிறவர்கள் இந்தப் பெட்டியின் கதவைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

இந்தத் தொழில் தொடங்கியதே ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், ஈரப்பதம் ஏறி இறங்கும்போது தாளும் சுருங்கி விரிந்து வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல் போயின. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர், குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றைச் செலுத்தி ஈரத்தை வடிக்கும் அமைப்பை வடிவமைத்தார். இன்றைக்கும் சிவகாசியில் பலவண்ணக் காலண்டர் அடிக்கும் ஆப்செட் அச்சகங்களுக்கு அதே தொந்தரவு உண்டு, அதே தீர்வும் உண்டு. நூல் மில்களிலும் அப்படித்தான். காற்று காய்ந்தால் நூல் அறும். ராஜபாளையம் மில்களில் ஹியூமிடிபிகேஷன் பிளான்ட் என்று ஓடுவது ஏஎச்யூவின் மூத்த உறவு. அந்த பிளான்ட்களில் வேலை பார்த்த கைகளிடம் காற்றின் ஈரத்தைப் பற்றிக் கேட்டால், புத்தகத்தில் இல்லாததையும் சொல்வார்கள்.

இனி நம்ம காற்றுக்கு வருகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம் ஓர் இடைவெளி. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் அந்த இடைவெளி வழியாகக் காற்று நெருக்கிக்கொண்டு வருகிறது. குற்றாலத்தில் சாரலாக விழுகிறது. அங்கேயே ஈரத்தில் ஒரு பங்கை இறக்கிவிட்டு, ஆய்க்குடி, சாம்பவர்வடகரை என்று செம்மண் காட்டைத் தாண்டி சுரண்டைக்கு வரும்போது மழை குறைந்திருக்கும், வேகம் குறைந்திருக்காது. சுரண்டை, ஊத்துமலை, ஆலங்குளம் என்று கிழக்கே காற்றாலைகள் நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். ஆகவே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நம்ம ஏஎச்யூவுக்கு மூன்று விருந்தாளிகள்: வேகம், செம்மண் தூசி, ஈரம். மூன்றும் சேர்ந்து வரும்.

முதலில் வேகம். காற்று மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் நேராகச் சுவரில் மோதினால் அந்தச் சுவரில் 60 பாஸ்கல் வரை அழுத்தம் விழும். ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் தண்ணீர் உயரம். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் சுத்தமான ஒரு பில்டரைக் கடக்க புளோயர் செலவழிக்கும் அழுத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ப்ரெஷ் ஏர் வாயை மேற்குச் சுவரில் வைத்தால், ஆடியில் காற்று தானாகவே உள்ளே திணித்துக்கொண்டு வரும், தூசியோடு, சில நாள் தூறலோடு. அதையே கிழக்குச் சுவரில் வைத்தால் அந்தப் பக்கம் காற்று உறிஞ்சும், புளோயர் அதோடு போராட வேண்டும். எக்ஸாஸ்ட் வாய் மேற்கே இருந்தால் வெளியே போக வேண்டிய காற்றே ஹாலுக்குள் திரும்பும். சமையல்கூடத்து எக்ஸாஸ்ட் என்றால் சாம்பார் வாசனை முகூர்த்த மேடை வரை வந்துவிடும். புது மண்டபம் கட்டுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ப்ரெஷ் ஏர் வாய் எந்தத் திசை என்பதுதான். வடக்கிலோ தெற்கிலோ, தரையிலிருந்து நல்ல உயரத்தில், மழை மறைப்போடும் கம்பிவலையோடும் வையுங்கள். ஜெனரேட்டர் புகை, கக்கூஸ் எக்ஸாஸ்ட் இரண்டும் தள்ளி இருக்கட்டும். ஏற்கெனவே மேற்கில் வைத்துக் கட்டி முடித்திருந்தால், வாய்க்கு முன்னால் ஒரு தடுப்புச் சுவராவது எழுப்புங்கள்.

இந்த வேகத்தால் இன்னொன்றும் நடக்கும். மெஷின் நிற்கும்போது, ப்ரெஷ் ஏர் வாயைத் திறந்து மூடும் டாம்பர் திறந்து கிடந்தால் அதன் வழியாகக் காற்று புகுந்து புளோயரைச் சுற்றிவிடும். கரண்டே இல்லாமல் சக்கரம் ஓடும், சில நேரம் தலைகீழாக. அந்த நேரம் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மோட்டார், தலைகீழாக ஓடுகிற கனமான சக்கரத்தை நிறுத்தி மறுபக்கம் திருப்ப வேண்டும். கரண்ட் எகிறும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி டிரிப் ஆகும், பெல்ட் வழுக்கிக் கருகும். ஓடுகிற சக்கரத்தைப் பிடித்து இழுத்துப் போகும் ஒரு செட்டிங் நிறைய விஎஃப்டிகளில் உண்டு, அதைப் போட்டு வைக்கலாம். அதைவிட நல்லது, மெஷின் நின்றதும் டாம்பர் தானே மூடும்படி மோட்டார் டாம்பர் மாட்டுவது. இதில் ஆள் பாதுகாப்பும் இருக்கிறது. வேலைக்கு உள்ளே போகும் பையன்களிடம் நான் சொல்வது: "ஏ தம்பி, ஐசொலேட்டரை ஆப் பண்ணு, பூட்டைப் போடு, சாவியை உன் பையில வை. அதுக்கப்புறமும் சக்கரத்தை ஒரு கட்டையால தடுத்துட்டுத்தான் கையை உள்ள விடணும்." ஆடி மாதத்தில் கரண்ட் இல்லை என்பது சக்கரம் சுற்றாது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. விரல் போனால் வராது.

ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் இந்த வேகம் இன்னும் பெரிய விஷயம். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் என்ஏபிஎச் வகுத்த விதிப்படி தியேட்டருக்குள் காற்று மணிக்குக் குறைந்தது 20 தடவை மாற வேண்டும், அதில் 4 தடவை அளவுக்கு வெளிக்காற்று இருக்க வேண்டும். 20 அடிக்கு 20 அடி, 10 அடி உயரம் உள்ள தியேட்டர் என்றால் சுமார் 1,330 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி), அதில் 270 சிஎஃப்எம் புதுக்காற்று. பெரிய அறுவை சிகிச்சைகள் நடக்கும் தியேட்டரில் கடைசியாக நிற்கும் ஹெபா பில்டர், 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். இதோடு தியேட்டருக்குள் அழுத்தம் வெளியைவிட 2.5 பாஸ்கலாவது கூட இருக்க வேண்டும், கதவு திறந்தாலும் காற்று உள்ளிருந்து வெளியே போக வேண்டும் என்பதற்காக. இப்போது அந்த 60 பாஸ்கலை நினைத்துப் பாருங்கள். வெளிச் சுவரில் இருபது மடங்குக்கும் மேலான அழுத்தத்தோடு காற்று முட்டிக்கொண்டு நிற்கும்போது, ஜன்னல் சட்டத்தில் ஒரு விரிசல் போதும். பைப் நுழைத்த ஓட்டையைச் சிமெண்ட் பூசாமல் விட்டிருந்தால் போதும். செம்மண் உள்ளே வந்துவிடும். மாசியில் அழுத்தம் சரியாகக் காட்டிய தியேட்டர் ஆனியில் காட்டாது. மெஷினில் கோளாறு தேடுவார்கள், கோளாறு சுவரில் இருக்கும். ஆகவே வருஷாந்தர அழுத்தச் சோதனையைக் காற்று அடங்கிய மாதத்தில் செய்து சான்றிதழ் வாங்கிவிட்டு இருந்துவிடாதீர்கள். மேல்காற்று உச்சத்தில் இருக்கும் ஒரு நாளிலும் அளந்து பாருங்கள். உள்ளே படுத்திருப்பது நம்ம வீட்டு ஆள்.

சின்ன ஆஸ்பத்திரிகளில் தியேட்டருக்கு ஸ்பிளிட் ஏசி மாட்டிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அறைக் காற்றையே சுற்றிச் சுற்றி விடுவதுதான் அதன் வேலை. வெளிக்காற்றும் வராது, அழுத்தமும் ஏறாது, கிருமி தங்கும் மூலைகளும் அதற்குள் நிறைய. என்ஏபிஎச் விதி அதைத் தியேட்டரில் கூடாது என்றே சொல்கிறது. இன்னொன்று: ஆபரேஷன் இல்லாத நேரத்திலும் தியேட்டர் புளோயர் ஓட வேண்டும். குளிர்ச்சி வேண்டாம், வேகத்தைக் குறைத்து ஓட்டலாம், நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அழுத்தம் போகும். ராத்திரி முழுக்க வந்து படிந்த தூசியைக் காலையில் ஒரு மணி நேரம் ஓட்டி விரட்ட முடியாது. கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். புளோயர் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், 60 சதவீதத்தில் நாலில் ஒரு பங்குக்கும் கீழே போகும். விஎஃப்டிக்குக் கொடுத்த காசு இப்படித்தான் திரும்பி வருகிறது.

அடுத்தது ஈரம். குற்றாலத்தில் சீசன் பிடித்துவிட்டால் ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு மண்டபத்து மேனேஜர் இப்படிக் கேட்பார்: "அண்ணாச்சி, வெளிய ஜில்லுன்னு காத்து அடிக்கு. சில்லரை ஆப் பண்ணிட்டு வெளிக்காத்தை மட்டும் உள்ள விட்டா கரண்ட் மிச்சம்லா?"

கேள்வி நியாயமானது. குளிர்நாடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். நம்ம ஊரில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சீசனில் வெளிக்காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு கிலோ காற்றுக்குள் சுமார் 18 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். ஹாலில் நாம் வைக்க விரும்பும் 24 டிகிரி, 55 சதவீதக் காற்றில் 10 கிராம்தான். மிச்ச 8 கிராமையும் காயில்தான் பிழிந்து எடுக்க வேண்டும். 1,000 சிஎஃப்எம் வெளிக்காற்று எடுத்தால் மணிக்குப் பதினைந்து லிட்டருக்கு மேல் தண்ணீர். மொத்த வெப்பத்தைப் பார்த்தால் கணக்கு இன்னும் வியப்பாக இருக்கும். அந்தச் சீசன் காற்றில் கிலோவுக்குச் சுமார் 74 கிலோஜூல். சித்திரை மத்தியானம் 38 டிகிரி வெயிலில், ஈரப்பதம் 35 சதவீதத்தில் அடிக்கும் காற்றில் சுமார் 76. ஹால் காற்றில் 50. அதாவது நமக்குச் சுகமாக இருக்கும் சாரல் காற்றும், நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சித்திரைக் காற்றும் மெஷினுக்கு ஏறக்குறைய ஒரே சுமை. ஒன்று சூடாகச் சுமக்கிறது, மற்றது தண்ணீராகச் சுமக்கிறது. மேனியில் பட்டதும் வியர்வை உலர்வதால்தான் அந்தக் காற்று நமக்குச் சுகம். ஜன்னலே இல்லாத ஹாலில், ஆயிரம் பேருக்கு நடுவில் அதே காற்றை மெதுவாக விட்டால் பட்டுப் புடவை முதுகில் ஒட்டும், ஜிகினா அலங்காரம் நமத்துத் தொங்கும்.

அதனால் ப்ரெஷ் ஏர் டாம்பரை மூடிவிடுவோம் என்று அடுத்த முடிவுக்குப் போகிறார்கள். என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாத முடிவு இதுதான். நிறைய இடங்களில் டாம்பரைக் கட்டுக்கம்பி போட்டு மூடியே கட்டியிருக்கிறார்கள். கம்பி துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்த்தாலே தெரியும், அது திறந்து வருஷக்கணக்கு ஆயிருக்கும் என்று.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் மணிக்குச் சுமார் 20 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். ஆயிரம் பேர் என்றால் 20 கன மீட்டர். மண்டபத்தின் கொள்ளளவு 5,000 கன மீட்டர் என்று வையுங்கள். முழுக்க அடைத்திருந்தால் ஒரே மணி நேரத்தில் 4,000 பிபிஎம் ஏறும். வெளியே நல்ல காற்றில் இருப்பது 420 சொச்சம். கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னாலேயே தலைவலி, குழந்தைகள் சிணுங்கல், பெரியவர்களுக்குத் தூக்கம் கலந்த அசதி என்று வந்தால், அலைச்சல் என்று சொல்லிக்கொள்கிறோம். பாதிக் காரணம் மாடியில் கட்டிக் கிடக்கும் டாம்பராக இருக்கலாம். மூச்சோடு நோயும் சேர்ந்து சுற்றும். 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரில் ஓர் உணவகத்தில் அடுத்தடுத்த மேஜைகளில் சாப்பிட்ட மூன்று குடும்பங்களில் 10 பேருக்குக் கொரோனா பிடித்தது. அங்கே வெளிக்காற்று மிகக் குறைவு, ஏசி அதே காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ஏப்ரலில் இந்திய ஏசி பொறியாளர்களின் சங்கமான இஷ்ரே வெளியிட்ட வழிகாட்டியில், வெளிக்காற்றை முடிந்தவரை கூட்டுங்கள், 24 முதல் 30 டிகிரிக்குள் வையுங்கள், ஈரப்பதம் 40 முதல் 70 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்றார்கள். அப்போது எல்லாரும் டாம்பரைத் திறந்தார்கள். பயம் போனதும் மறுபடி கம்பி கட்டிவிட்டார்கள்.

அந்த மேனேஜருக்கு நான் சொல்லும் பதில் இதுதான். கூட்டம் இருக்கும்போது திற, கூட்டம் இல்லாதபோது சுருக்கு. காலையில் ஹாலைக் குளிரவைக்கும் நேரத்தில் ஆளே இல்லை, அப்போது டாம்பர் குறைவாக இருக்கட்டும். முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் திறந்துவிடுங்கள். ரிசப்ஷன் முடிந்து பத்துப் பேர் நிற்கும்போது மறுபடி சுருக்குங்கள். கார்பன் டை ஆக்சைடு சென்சார் வைத்து மோட்டார் டாம்பரோடு இணைத்தால் இதை மெஷினே செய்யும். அதற்கு ஆகும் செலவு ஒரு கல்யாணத்தின் பூ அலங்காரச் செலவுக்குள் முடியும்.

வெளிக்காற்று வந்தால் தண்ணீரும் வரும் என்று சொன்னேன். அந்தத் தண்ணீர் வெளியேறும் வழிதான் ஏஎச்யூவிலேயே யாரும் கவனிக்காத இடம். காயில் இருப்பது புளோயர் உறிஞ்சும் பக்கத்தில். உள்ளே அழுத்தம் வெளியைவிடக் குறைவு. வடிகுழாயை நேராக வெளியே விட்டால் தண்ணீர் இறங்காது, வெளிக்காற்று குழாய் வழியாக மேலே ஏறித் தண்ணீரைத் தட்டிலேயே பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் யூ வடிவ டிராப் வைக்கிறோம். அதில் நிற்கும் தண்ணீர் காற்றைத் தடுக்கும், வடிநீருக்கு வழிவிடும். டிராப்பின் ஆழம் புளோயரின் உறிஞ்சலைவிட அதிகமாக இருக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் உறிஞ்சல் இருக்கிற இடத்தில் 40 மில்லிமீட்டர் டிராப் இருந்தும் பயனில்லை.

இங்கேதான் தூசியும் ஈரமும் கைகோக்கின்றன. செம்மண் தூசி பில்டரை அடைக்கிறது. பில்டர் அடைய அடைய, அதற்குப் பின்னால் காயில் பக்கம் உறிஞ்சல் கூடுகிறது. முதலில் போதுமாக இருந்த டிராப் இப்போது போதாது. தண்ணீர் தட்டில் நிற்கிறது, ததும்புகிறது, புளோயர் அதை அள்ளி டக்ட்டில் அடிக்கிறது, பால்ஸ் சீலிங்கில் மஞ்சள் வட்டம் விழுகிறது. பிளம்பரைக் கூப்பிடுகிறார்கள். அவர் வடிகுழாயில் அடைப்பு எடுத்துப் பார்த்தால் அடைப்பே இருக்காது. பில்டரைக் கழுவிப் போட்டால் ஒழுக்கு நின்றுவிடும். ஆனி, ஆடியில் சீலிங் ஒழுகினால் முதலில் பில்டரைப் பாருங்கள்.

பில்டர் அடைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? உடன் வேலை பார்க்கும் பையன் ஒருநாள் கிளாம்ப் மீட்டரைக் காட்டி, "அண்ணாச்சி, ஆம்ப்ஸ் கம்மியாத்தான் எடுக்கு, மெஷின் நல்லாத்தான ஓடுது?" என்றான். அங்கேதான் சூட்சுமம். பெட்டிக்குள் இருக்கும் இந்த வகைப் புளோயருக்குக் காற்று குறைந்தால் சுமையும் குறையும். பில்டர் அடைந்தால் ஆம்ப்ஸ் இறங்கும். மாறாகப் பில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினாலோ, கதவு திறந்து கிடந்தாலோ காற்று கூடி ஆம்ப்ஸ் ஏறும், மோட்டார் சுடும். பெல்ட் வழுக்கினாலும் ஆம்ப்ஸ் இறங்கும். ஆகவே ஆம்ப்ஸ் குறைந்திருக்கிறது என்று லாக் புக்கில் கண்டால், எங்கோ காற்று நிற்கிறது என்று படிக்க வேண்டும். பில்டருக்கு முன்னும் பின்னும் குழாய் போட்டு, அழுத்த வித்தியாசம் காட்டும் மேக்னாஹெலிக் கேஜ் ஒன்று மாட்டிவிட்டால் சந்தேகமே இல்லை. சுத்தமான பில்டரில் அது என்ன காட்டுகிறது என்று முதல் நாளே பெயின்டால் கோடு போடுங்கள். இரண்டு மடங்கானதும் கழற்றிக் கழுவுங்கள். புத்தகம் மூன்று மாதம் என்று சொல்லியிருந்தாலும் மேல்காற்றில் அது வாரக் கணக்கில் வந்துவிடும். ஐப்பசி மழையில் மண் அடங்கிய பிறகு மாதக் கணக்கில் தாங்கும்.

கழுவுவதிலும் முறை உண்டு. பில்டரைச் சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கமாக, காற்று போகும் திசைக்கு எதிராகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தரையில் தட்டக் கூடாது. நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் செம்மண் சேறாக ஒட்டும். காயிலுக்கும் அதே எதிர்த்திசைதான். கார் கழுவும் பிரஷர் பம்பை வைத்து அடித்தால் அலுமினியத் தகடுகள் மடிந்துவிடும், அப்புறம் அந்த இடத்தில் காற்றே போகாது. உப்புப் போர் தண்ணீரும் வேண்டாம். காய்ந்ததும் வெள்ளைப் படிவம் விடும். ஓமப்புகையும் பந்தி எண்ணெய்ப் புகையும் படிந்த காயிலில் வெறும் தண்ணீர் ஏறாது, அலுமினியத்தை அரிக்காத காயில் கிளீனர் போட்டு ஊறவிட வேண்டும்.

பெல்ட், பேரிங் பற்றிச் சுருக்கமாக. இரண்டு மூன்று பெல்ட் ஓடும் புல்லியில் ஒன்று அறுந்தால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். பழசும் புதுசும் சேர்ந்து ஓடாது. புதுப் பெல்ட் ஒரு நாள் ஓடியதும் தளரும், மறுபடி இழுக்க வேண்டும். பேரிங்குக்குக் கிரீஸ் அளவோடு. பாசம் காட்டி அடைத்துவிட்டால் சூடேறி அதுவே சாகும். மின்வாரிய வேலை நடந்து பேஸ் மாறினால் புளோயர் தலைகீழாகச் சுற்றும். அப்போதும் காற்று அதே திசையில்தான் வரும், குறைவாக. அதனால் யாருக்கும் தெரியாமலே மாதக்கணக்கில் ஓடும். லைன் வேலை முடிந்த ஒவ்வொரு தடவையும் புளோயர் கூட்டில் இருக்கும் அம்புக்குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து ஆடி மாதம். இந்து வீட்டுக் கல்யாணம் கிடையாது. கிறிஸ்தவக் கல்யாணங்கள் கொஞ்சம் நடக்கும், மற்றபடி மண்டபம் பூட்டிக் கிடக்கும். வெளியே மேல்காற்று உச்சம், உள்ளே மெஷின் ஓய்வு. மோசமான சேர்க்கை இது. கடைசிக் கல்யாணம் முடிந்ததும் மெயினை இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். காயில் நனைந்தபடியே நிற்கிறது. திறந்த டாம்பர் வழியே வரும் தூசி அந்த ஈரத்தில் போய் ஒட்டுகிறது. தட்டில் பாசி. டிராப்பில் இருந்த தண்ணீர் வற்றியதும் சாக்கடை வாடையும் பூச்சியும் அதன் வழியே ஏறுகின்றன. எலி, பெட்டியையும் டக்ட்டையும் இணைக்கும் கேன்வாஸைக் கடித்து உள்ளே குடியேறுகிறது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் ஸ்விட்சைப் போட்டதும் ஹால் முழுக்க ஊறப்போட்ட சாக்கு நாற்றம் அடித்தால் அது இந்த ஒரு மாதத்தின் வேலை.

ஆனியின் கடைசிக் கல்யாணம் முடிந்த அன்றே அரை நாள் ஒதுக்குங்கள். சில்லர் தண்ணீரை நிறுத்திவிட்டு, புளோயரை மட்டும் ஒரு மணி நேரமாவது ஓட்டிக் காயிலைக் காயவிடுங்கள். பில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். தட்டைத் துடையுங்கள். டாம்பரை இறுக மூடுங்கள். மண்டபம் பூட்டிக் கிடக்கும் காலத்தில்தான் அதை மூடி வைக்க வேண்டும். டிராப்பில் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள், வாரம் ஒருமுறை வாட்ச்மேன் ஒரு சொம்பு ஊற்றட்டும். பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, வாரத்துக்கு ஒருமுறை புளோயரைக் கையால் சில சுற்றுச் சுற்றி வேறு நிலையில் நிறுத்துங்கள், ஒரே இடத்தில் பாரம் தாங்கிப் பேரிங்கில் பள்ளம் விழாமல் இருக்கும். மார்கழியிலும் இதே முறைதான். தூசி குறைவு என்பதால் அப்போது பயமும் குறைவு.

ஆவணியில் திறக்கும்போது முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலையிலேயே வந்துவிடுங்கள். பெல்ட்டை இழுத்து, கேன்வாஸ் கிழிசலைப் பார்த்து, எலிப்புழுக்கை இருந்தால் முகத்துக்கு மாஸ்க் போட்டு ஈரத்துணியால் எடுங்கள், துடைப்பத்தால் கிளப்பாதீர்கள். முதலில் புளோயர், பிறகுதான் குளிர்ந்த தண்ணீர். ஹால் கதவுகளைத் திறந்து வைத்து, டாம்பரை முழுக்கத் திறந்து, பழைய காற்று வெளியேறும் வரை ஓட்டுங்கள். மறுநாள் கூட்டம் நிரம்பும் நேரத்தில் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்றை ஹாலில் வையுங்கள். மேடைப் பக்கம் வேண்டாம், அங்கே ஓமம் எரியும். ஏசி காற்று நேராக விழும் இடமும் வேண்டாம். நடுவரிசையில், உட்கார்ந்திருப்பவர் மூக்கு உயரத்தில் இருக்கட்டும். 1,000 பிபிஎம் தாண்டினால் மாடியில் நிற்கும் பையனுக்குப் போன் போட்டு டாம்பரை இன்னும் கொஞ்சம் திறக்கச் சொல்லுங்கள். எந்த அளவில் நிற்கிறதோ அதை டாம்பர் கைப்பிடிக்குப் பக்கத்தில் பெயின்டால் குறித்து, எத்தனை பேருக்கு என்றும் எழுதி வையுங்கள்.